இடுப்பு பார்க்கிறவர்

மைதானமே எழுந்து நின்று கத்தும்போதும் வெர்னல் பெட்டஸ் பந்தைப் பார்க்க மாட்டார். அவர் பார்ப்பது இடுப்பை. அதுவும் அமெரிக்கக் கால்பந்தில் ஓரத்தில் நின்று எதிரணிக்காரனைத் தடுக்கிற கார்னர்பேக்கின் இடுப்பை மட்டும். எதிரணிக்காரன் முன்னால் ஓடி வருவான். கார்னர்பேக் அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே ஓட வேண்டும். அவன் பிய்த்துக்கொண்டு பறக்கிற நொடியில் சடாரென்று திரும்பி ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் திருப்பத்தில் இடுப்பு கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் போச்சு. “ம்… இறுக்கம்” என்பார் வெர்னல், வாய் நிறைய அவித்த வேர்க்கடலையோடு. தோலைத் துப்புவதற்கென்றே கையில் ஒரு காகிதக் கோப்பை இருக்கும்.

மிசிசிப்பியில் ஒரு கல்லூரி விடாமல் சுற்றி, பையன்களை எடைபோட்டுத் தொழில்முறை அணி ஒன்றுக்குச் சொல்வது அவர் பிழைப்பு. வசந்தத்தில் நடக்கும் டிராஃப்டில் அணிகள் முறைவைத்துப் பையன்களைப் பொறுக்கும். முதல் சுற்றில் பெயர் வந்தால் குடும்பமே கரையேறிவிடும். வராதவன் ஊருக்குத் திரும்பி டயர் மாட்டுவான். வெர்னலும் டயர் மாட்டியவர்தான். அவரும் ஒரு காலத்துக் கார்னர்பேக். “பையன் நல்லவன்தான், இடுப்புதான் கொஞ்சம் இறுக்கம்” என்று எவனோ சொன்னதில் அவர் பெயர் வரவே இல்லை. அன்றிலிருந்து அவர் கண்ணுக்கு எல்லா இடுப்பும் இறுக்கம்தான். மனைவி அர்லீன் மீன் பொரித்துக்கொண்டே நேராகக் கேட்பாள்: “உங்களுக்கு வராதது ஊர்ல எவனுக்கும் வரக்கூடாது, அதானே?” வெர்னல் இன்னொரு துண்டு மீன் கேட்பார்.

இந்த வருஷம் வந்து வாய்த்தான் கெண்ட்ரில் வாட்ஸ். வெர்னல் படித்த அதே கல்லூரி, அவர் நின்ற அதே ஓரம். குறை தேடி வீடியோவைத் திருப்பித் திருப்பி ஓட்டியதில் கண் சிவந்ததுதான் மிச்சம். பயல் திரும்புவதே தெரியவில்லை. பின்னால் ஓடிக்கொண்டிருந்தவன் பார்த்தால் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். வெர்னலுக்கு வயிறு எரிந்தது. கடவுளுக்குமா இப்படி ஓரவஞ்சனை என்று சர்ச்சில் உட்கார்ந்துகூடப் பொருமினார்.

மார்ச்சில் எல்லா அணிக்காரர்களும் கல்லூரிக்கு வந்து பையன்களை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஒருவர் பந்தைக் கையில் பிடித்து இடம், வலம் காட்ட, கார்னர்பேக் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். காட்டுகிற வேலையை வெர்னல் வலியக் கேட்டு வாங்கினார். மற்றவர்களுக்கு நியாயமாகவே காட்டினார். கெண்ட்ரிலுக்கு மட்டும் இடம் காட்டிப் பாதியிலேயே வலம், அவன் திரும்பி முடிப்பதற்குள் மறுபடி இடம். வழுக்கி விழ மாட்டானா என்றிருந்தது அவருக்கு. பிள்ளையைப் பிழிந்தது போதும் என்று மற்ற அணிக்காரர்கள் சிரித்தார்கள். பையன் விழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, “இன்னொரு தடவை பண்ணட்டுமா சார்?” என்றான். அந்த மரியாதை இன்னும் எரிச்சலாக இருந்தது.

எல்லோரும் கலைந்தபின் அணி மேலாளர் ஹாஸ்கெல் போனில் கூப்பிட்டார். முதல் சுற்றிலேயே பையனை எடுக்க அவருக்கு ஆசை. வெர்னல் சரி என்றால் போதும். வெர்னல் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

“பையன் நல்லவன்தான் சார். இடுப்புதான் கொஞ்சம் இறுக்கம்.”

அப்படியென்றால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று ஹாஸ்கெல் வைத்துவிட்டார். போனைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால், சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கி அணைத்தபடி கெண்ட்ரில் நிற்கிறான். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

சண்டைக்கு வருவான் என்று வெர்னல் தயாரானார். வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். பையன் அதை நம்பிவிட்டான். முகம் வாடிப்போய், பந்துகளைக் கீழே போட்டுவிட்டு அவர் முன்னால், ஆட்டத்தில் நிற்பதுபோல் குனிந்து நின்றான்.

“எந்தப் பக்கம் சார் இறுகுது? கை வச்சுக் காட்டுங்க. டிராஃப்டுக்குள்ள சரி பண்ணிடறேன்.”

வேறு வழியில்லாமல் வெர்னல் வலது கையை அவன் இடுப்பில் வைத்தார். பையன் பின்னால் எட்டு வைத்துத் திரும்பினான். கை அந்தரத்தில் நின்றது. இடுப்பு அங்கே இல்லை. “இப்ப?” என்று திரும்பி வந்து நின்றான். மறுபடி வைத்தார். மறுபடியும் நழுவிப் போயிற்று. இன்னொரு முறை அவன் வந்து நின்றபோது, வெர்னலின் இடது கை பைக்குள் போனைத் துழாவிக்கொண்டிருந்தது.