நைனா வேடு கட்டிய பானை

எங்கள் அப்பாவை நைனா என்போம். கேழ்வரகைப் புளிக்கவைத்துச் சுண்டக்கஞ்சி போடுவார், குடித்தால் கள் மாதிரி ஏறும். உலகச் சண்டைக் காலம் அது. அரிசிக்குத் தட்டுப்பாடு, கள்ளுக்கடைக்குப் பூட்டு. கேழ்வரகு மட்டும் எங்கள் நிலத்தில் குறையில்லாமல் விளைந்தது. முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவை ஆறின கூழில் கரைத்து, பானை வாயில் துணியால் வேடு கட்டி, வைக்கோல் போருக்குள் புதைத்துவிடுவார். நாலாம் நாள் எடுத்தால் குடிக்கப் பதம். திருத்தணி மலைக்குக் கீழே இருந்துகொண்டு இதெல்லாம் தேவையா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். கிருத்திகையன்று நைனா அந்தப் பானைப் பக்கமே போக மாட்டாரே, அது மட்டும் அவர்கள் கண்ணில் படாது.

ருசி பார்க்க மாமா வருவார். அம்மாவுக்குத் தம்பி, கனகம்மாசத்திரத்தில் இருந்தார்; அக்கா புருஷனைப் பாவா என்பார். அவர் செய்கிற ஜபர்தஸ்தைப் பார்க்க வேண்டும்! கொட்டாங்கச்சியில் வாங்கி முதலில் நுரையை ஊதுவார், பிறகு முகர்வார், ஒரு வாய் இழுத்து நாக்கிலேயே நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். நைனா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"நுரை நல்லா நிக்குது பாவா. ஆனா கூழு அடி பிடிச்சி கீது. கடைசில கசக்குது பாரு."

"கசப்பு உன் நாக்குல கீது. உனக்குப் போய் பொண்ணு குடுத்தானே ஒருத்தன், அவனச் சொல்லணும்!"

இவ்வளவு குறை சொன்ன மனிதர்தான் பானையின் அடிவரைக்கும் குடித்துவிட்டுப் போவார். ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

வேடு கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வேறு கை பட்டால் அடுத்த பானை கூடி வராது என்பார்கள். அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் நைனா ஒரு பானை கட்டினார். மறுநாளே காய்ச்சலில் விழுந்தார். நான் மணவூரில், புகுந்த வீட்டில் இருந்தேன். ஆள் வந்து சொல்ல, ரயிலேறி ஓடிவந்தேன். பானை எடுக்கிற நாள் வந்தது. மாமாவை விட்டு அவிழ்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அம்மா சீறிவிட்டாள்.

"கட்டனவரு படுத்துகினு கீறாரு, செத்தா பூட்டாரு? அவரே எழுந்து வந்து அவுப்பாரு. யாரும் கைய வெக்காதீங்க."

நைனா எழுந்து வரவில்லை.

அம்மா அழவில்லை. பாடையைத் தூக்கும்போதுகூட அழவில்லை. ஒப்பாரி வைக்க வந்தவர்கள் "அழுதுடு தாயே, அழுதுடு" என்று அவளைப் பிடித்து உலுக்கினார்கள். கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் போட்டால் அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள். இப்படியே போனால் இவளையும் பறிகொடுத்துவிடுவோம் என்று எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். கண்ணில் பட்டவர்களையெல்லாம் கடித்துக் குதறிக்கொண்டிருந்தேன்.

கருமாதிக்கு முன்னால் நைனாவுக்குப் படையல். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்போம். சாமிக்கு வைப்பதில் எச்சில் படக் கூடாது. ஆனால் செத்தவருக்குக் குடிக்க வைப்பதை, அவரோடு உட்கார்ந்து குடித்தவர் ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் வைப்பார்கள் எங்களில். அம்மா தானே போய்ப் போரைக் கலைத்து அந்தப் பானையைத் தூக்கி வந்து மாமா முன்னால் வைத்தாள்.

"நீயே அவுடா," என்றாள்.

துணியை அவிழ்த்ததும் வந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நுரை கிடையாது. மேலே வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. மாமா ஊதவில்லை, முகரவில்லை. கொட்டாங்கச்சியால் மொண்டு ஒரே மடக்காகக் குடித்தார்.

"நல்லா கீது அக்கா. இந்த மாதிரி பாவா போட்டதே இல்ல."

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கொட்டாங்கச்சியைப் பிடுங்கி, மொண்டு, குடித்தாள். அதற்கு முன் ஒரு சொட்டு அவள் வாயில் பட்டதில்லை. முகம் கோணியது. துப்பாமல் விழுங்கினாள்.

"ஏண்டா பொய் சொல்ற? அவரு எதிர்ல குந்திகினு இருந்தா இப்டிச் சொல்லுவியா?"

மாமா துணியை எடுத்துப் பானை வாயை மூடப் போனார்.

"அவருகிட்ட சொல்ற மாதிரியே சொல்லுடா."

"கெட்டுப் பூட்ச்சி அக்கா," என்றார் மாமா. "அன்னைக்கே எடுத்திருக்கணும்."

"ஆங். நாந்தான் எடுக்க வுடல. எழுந்து வருவாருன்னு வெச்சிருந்தேன்."

சொன்னவள் அப்படியே பானையைக் கட்டிக்கொண்டு அலறினாள். ஐயோ, அந்த அழுகை! அழட்டும் அழட்டும் என்று நான் வேண்டிக்கொண்ட அழுகைதான். வந்தபோது எனக்குத் தாங்கவில்லை. மாமாவும் நானும் இழுத்தும் அவள் கையைப் பிரிக்க முடியவில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வேறொரு கொட்டாங்கச்சியில் பச்சைத் தண்ணீரை ஊற்றி நைனாவின் இலையோரம் வைத்தாள்.

"இத்தயாவது குடிச்சிட்டுப் போய்யா," என்றாள்.

அதற்குப் பிறகுதான் எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றாள்.