ஆத்தா வந்ததற்கு சர்டிபிகேட்

காலையிலிருந்து ஒரே குழப்பம். அதனால்தான் இதை நம் தொழிற்சாலைக் கேன்டீன் பலகையில் ஒட்டுகிறேன்.

எனக்கு வந்தது சின்னம்மைதான், யாரும் பயப்பட வேண்டாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. வேலைக்கு வராத நாள்களுக்கு ஏதாவது கிடைக்குமா என்று இன்று தொழிலாளர் இன்ஷூரன்ஸ் டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

"அதுக்குப் பேரு நோய்க்கால உதவி. நோயா இருந்தப்போ ஏம்பா வந்து காட்டல?" என்றார்.

"ஆத்தா ஊட்ல இருக்கறப்போ எப்டி சார் வாசப்படி தாண்டறது?"

"சிகிச்சை எடுத்தவங்களுக்குத்தான் சர்டிபிகேட் தர முடியும்."

"வேப்பிலை மேலதான் சார் படுத்துக்கினு இருந்தேன்."

அவர் பேனாவை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தாளப் போயி நோய்னு சொல்லியா துட்டு கேட்டுக்கினு வந்தே?"

அந்தக் குற்றத்துக்கு நான் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு நடந்தே வருவதாக அப்போதே வேண்டியும் கொண்டாள்.

அப்படி நடந்து போக எனக்கு இன்னொரு லீவு வேண்டும். அதற்கு என்ன உதவி என்று பேர் சொல்லிக் கேட்பது? பக்கத்திலேயே பென்சில் கட்டியிருக்கிறேன், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.