பேசிக்கொண்டே நடந்தவள்

என் தம்பி பெண்டாட்டிக்கு நான் வைத்த பெயர் அமுக்குணி. ஒருநாள் நான் அப்படிக் கூப்பிட்டது அவள் காதில் விழுந்துவிட்டது. கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அதற்கும் வாயைத் திறக்கவில்லை. பெயர் நிலைத்துவிட்டது.

அவள் வேலையும் அப்படி. கண்ணாடிக் கடையின் முன்பக்கத்தில் ஆட்கள் பிரேமை மாட்டிக்கொண்டு முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பி அழகு பார்ப்பார்கள். இவளுக்குப் பின்னறை. வட்டமாக வரும் லென்ஸை, வாங்கியவரின் பிரேமுக்குள் கச்சிதமாக உட்காரும்படி சுழலும் கல்லில் தேய்த்துக் கொடுக்க வேண்டும். கல்லின்மேல் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அது போடும் இரைச்சலில் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்த முக்காலியில் போய் உட்கார்ந்தவள், கல்யாணம் முடிந்த மறுவாரமும் அதே முக்காலியில்தான் இருந்தாள்.

எனக்கோ பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டர். எந்த வண்டி எப்போது வரும், கழிப்பறை எங்கே, தொலைந்துபோன குடையை யாரிடம் கேட்பது என்று நாள் முழுவதும் கேள்வி, நாள் முழுவதும் பதில். என் வாய் தூங்கும்போதுகூட ஓயாது என்பார் என் வீட்டுக்காரர். ஒரே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் நாங்கள், மாடியில் தம்பியும் அவளும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருக்கும். "சாப்பிட்டியாம்மா?" என்றால் "ம்." "படம் எப்படி இருந்துச்சு?" என்றாலும் "ம்." வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

கல்யாணமான புதிதில் ஒரு கரு தங்கி, மூன்றாம் மாதத்துக்குள் கலைந்துவிட்டது. அப்போதும் அவள் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. நான் அழுதேன், அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு வருடம் கழித்து மறுபடி உண்டானபோது வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சூடு கண்ட பூனை என்பார்களே, தம்பி அப்படி ஆகிவிட்டான். அவளைத் தரையில் விடாமல் தாங்கினான். ஸ்கூட்டரில் கடை வாசலில் இறக்கி, மாலையில் அங்கிருந்தே ஏற்றி வருவான். குடிக்கிற தண்ணீரும் அவன் கையால்தான். அவளும் மறுப்பேதும் சொல்லாமல் கடையில் முக்காலி, வீட்டில் நாற்காலி என்று சிலை மாதிரி இருந்தாள். வயிற்றுக்குள் இருப்பது எங்கே உருண்டு விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறவள் போல ஒவ்வொரு அடியையும் எடுத்து வைத்தாள்.

ஆறாம் மாதம் பரிசோதனையில் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, நடக்க ஒரு தடையும் இல்லை, நடக்காவிட்டால் ஊசி போடவேண்டி வரலாம் என்றார். எப்படி நடப்பது என்று சொல்ல நர்ஸம்மாவிடம் அனுப்பினார். கூடப் போயிருந்தவள் நான்.

"சாப்பிட்டு முடிச்சு கொஞ்ச நேரம் கழிச்சு நடங்க. தட்டையான செருப்பு, சமமான ரோடு. தண்ணி கையில இருக்கணும். உச்சி வெயில்ல வேண்டாம்" என்றார் நர்ஸம்மா. "வேகம் எவ்வளவுன்னு கேப்பீங்க. நடந்துக்கிட்டே பேச முடியணும். அதுதான் அளவு. பேச்சு திணறுச்சுன்னா வேகத்தைக் குறைங்க. தலை சுத்தினாலோ, நெஞ்சு வலிச்சாலோ, வயிறு விட்டு விட்டு இறுக்கினாலோ, ரத்தம் பட்டாலோ, தண்ணி கசிஞ்சாலோ அப்படியே நிறுத்திட்டு நேரா இங்க வந்துடணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ உக்காந்திருக்கறப்பவே பேச மாட்டா சிஸ்டர். இந்த அளவை வெச்சுப் பாத்தா இவளுக்கு எப்பவுமே மூச்சு திணறுதுன்னுதான் அர்த்தம்."

"அப்ப பேச வைங்க. அதுக்குத்தானே கூட வந்திருக்கீங்க?" என்றார் அவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

நடக்க வேண்டும் என்றதும் தம்பியின் முகம் வெளிறிவிட்டது. "ஏதாவது ஆயிட்டா யாரு பொறுப்பு அக்கா?" என்றான். டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா என்று ஒரு அதட்டல் போட்டேன். வாயை மூடிக்கொண்டான். ஆனால் முதல் நாள் நாங்கள் தெருவில் இறங்கியபோது, பின்னால் ஸ்கூட்டர் சத்தம். திரும்பிப் பார்த்தால் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தள்ளிக்கொண்டு எங்கள் வேகத்துக்கு வண்டியை ஓட்டி வருகிறான். தெருவே வேடிக்கை பார்த்தது. "ஊர்வலமாடா போறோம்? வீட்டுக்குப் போ" என்று விரட்டினேன்.

அடுத்த சிக்கல் பேச்சு. நான் பேசினேன், பேசினேன், என் மூச்சுதான் வாங்கியது. அவள் "ம்" என்றாள். "ம்" சொல்வதை வைத்து மூச்சை எப்படி அளப்பது? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். "கண்ணுல படற போர்டையெல்லாம் சத்தமா படிச்சுக்கிட்டே வா." அவள் படித்தாள். "இங்கு பஞ்சர் ஒட்டப்படும். வாகனங்களை நிறுத்தாதீர். வீடு வாடகைக்கு, புரோக்கர்கள் வேண்டாம்." எதிரே வந்தவர்கள் எங்களை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். லேசான மேட்டில் ஏறும்போது "பல் மருத்துவ..." என்று நின்று மூச்சு வாங்கினாள். நடையைக் குறைத்தோம். "...மனை" என்றாள். எனக்கு வந்த சிரிப்பில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவளும் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒரு வாரத்தில் போர்டுகள் தீர்ந்துபோயின. படித்ததையே படிக்க அவளுக்கும் அலுத்திருக்க வேண்டும். டயர் கடையைத் தாண்டும்போது திடீரென்று கேட்டாள்.

"அண்ணி, இந்தப் பழைய டயரெல்லாம் கடைசில எங்க போகும்?"

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் இது. ஏதோ உருக்கித் தார் ஆக்குவார்கள் என்று அடித்துவிட்டேன். அவள் நம்பவில்லை. நேரே கடைக்குள் போய் டயர்காரரிடமே கேட்டாள். அவர் மகிழ்ந்துபோய், எது செருப்பு தைக்கப் போகும், எது சூளைக்கு எரிக்கப் போகும் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அதற்குப் பிறகு ஒருநாளும் கேள்விக்குப் பஞ்சமில்லை. சலவைக் கடையில் யாரும் வந்து வாங்காத துணியை என்ன செய்வார்கள்? பிறவியிலேயே கண் தெரியாதவர்களுக்குக் கனவில் என்ன வரும்? நான் நடந்தால் வயிற்றுக்குள் இருக்கிறவனுக்குத் தாலாட்டு மாதிரி இருக்குமா, பேருந்தில் போகிற மாதிரி இருக்குமா? உங்கள் கவுண்டரில் இதுவரை யாருமே கேட்காத கேள்வி எது? நாள் முழுக்கக் கேள்வியால் அடிபட்டு வருகிற எனக்கு, மாலையில் இன்னொரு கவுண்டர் திறந்த மாதிரி ஆனது. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. இத்தனை வருடம் அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாமா யோசித்துக்கொண்டிருந்தாள்! சர்க்கரை இறங்கியது, வீக்கம் வடிந்தது. அதைவிட, இன்றைக்கு என்ன கேட்கப்போகிறாள் என்ற ஆவலில் நான் நேரத்துக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு மாலை பேருந்து நிறுத்தம் வழியாக வந்தோம். கிளம்பிவிட்ட பேருந்தின் பின்னால் கையில் பையோடு ஒரு பெண் ஓடினாள். ஓட்டுநர் பார்த்து நிறுத்தினார், அவள் ஏறிக்கொண்டாள். அவ்வளவுதான். நான் இரண்டு கடை தூரம் நடந்தபிறகுதான் பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்தது. அமுக்குணி நிறுத்தத்திலேயே நின்றிருந்தாள்.

"அண்ணி, ஓடினா கலைஞ்சிடுமா?"

"என்னடி கேக்கற?"

"அன்னைக்கு நானும் இப்படித்தான் ஓடினேன். வயித்துல இருக்குன்னு தெரிஞ்சுதான் ஓடினேன். ரெண்டு நாள் கழிச்சு ரத்தம் பட்டுச்சு." அவள் நடக்கவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் பேச்சு திணறியது. "நானா அதைக் கொன்னேன்?"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் டயருக்கே என்னை நம்பாதவள், இதற்கா நம்புவாள்? "எனக்குத் தெரியலடி. தெரிஞ்சவங்களைக் கேப்போம்" என்றேன். இவள் இரண்டு வருடத்துக்கும் மேலாக இதை வைத்துக்கொண்டா அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்?

மறுநாள் காலை நான் கவுண்டருக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸம்மா முழுவதையும் கேட்டார், நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாரும்மா. மூணாம் மாசத்துக்குள்ள போறது பெரும்பாலும் கரு உருவாகறப்பவே சரியா அமையாததால. உன் விஷயத்துல இதுதான் காரணம்னு இப்ப யாராலயும் துல்லியமா சொல்ல முடியாது. ஆனா நீ பஸ்ஸுக்கு ஓடினது காரணம் இல்ல. அதை நான் அடிச்சு சொல்வேன். அன்னைக்கு நீ படுத்தே கிடந்திருந்தாலும் அது போயிருக்கும்."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவள் வாய்விட்டு அழுதாள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கும்படி அழுதாள். நானும் அழுதேன். இந்த முறை தண்ணீர் கொண்டுவந்தது நர்ஸம்மா.

அன்று சாயங்காலம் தம்பி வேலை முடிந்து வந்தபோது அவள் என் சமையலறையில்தான் இருந்தாள். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "அன்னைக்கு நான் பஸ்ஸுக்கு ஓடினேன்ல, அதைப் பத்தி நர்ஸம்மாகிட்ட கேட்டேன்..." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் ஒரு கால் செருப்போடு நின்றபடி கேட்டான். சொல்லி முடித்தபோது அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தானே முதல்ல ஏறிட்டு, படியில நின்னு ஓடி வா, ஓடி வான்னு கத்தினேன்" என்றான். "என் மேல உனக்குக் கோவம், அதனாலதான் பேச மாட்டேங்கறேன்னு நெனச்சேன்."

என் கூடப் பிறந்தவன். சின்ன வயதில் பென்சில் தொலைந்தால்கூட என்னிடம் ஓடி வந்து சொல்கிறவன். இதை ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. அந்த ஸ்கூட்டருக்காக அவனைத் தெருவில் வைத்து விரட்டினேனே நான்.

"அவங்க என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு" என்றான். நர்ஸம்மா சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னொரு தடவை சொல்லு." மறுபடி சொன்னாள். அவன் மூன்றாம் முறையும் கேட்டபோது, அவள் சுவரைப் பிடித்து எழுந்து, செருப்புக்குள் காலை நுழைத்து, அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க, நடந்துக்கிட்டே சொல்றேன்."

அவர்கள் தெருவில் இறங்கினார்கள். நான் கூடப் போகவில்லை.