சட்டையை முகர்ந்த நாட்கள்

என் கணவருக்குக் கை நடுங்குவதை முதலில் கவனித்தது நான் இல்லை. அவர் வேலைக்குப் போகும் ஒரு கோழிப்பண்ணையின் உரிமையாளர்தான்.

நாமக்கல் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போடும் ஆறு பேர் குழுவுக்கு என் கணவர் தலைவர். பிறந்து ஒரு வாரமே ஆன குஞ்சை இடக்கையில் ஏந்தி, அதன் கண்ணில் ஒரே ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். குஞ்சு கண்ணை மூடித் திறந்து மருந்து உள்ளே போனதைப் பார்த்த பிறகே கீழே விடலாம். சொட்டு விலகி இறகில் விழுந்தால் அந்தக் குஞ்சுக்கு மருந்து போடாத மாதிரிதான்.

நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். ஒருநாள் காலையில் அங்கே இருந்தபோது அந்த உரிமையாளர் போனில் அழைத்தார்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்கூட்டுக்காரரு காத்தாலயே தண்ணி போட்டுட்டு வாராருங்களா? கை அந்த ஆட்டம் ஆடுது. பாதிச் சொட்டு வெளியதான் உழுகுது."

"அவருக்கு அந்தப் பழக்கமே இல்லீங்க" என்றேன். போனை வைத்த பிறகு என் பதிலை நானே நம்பவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. என் அப்பா குடித்தே செத்தவர். குடிப்பவரைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டேன். "தொட்டதில்லீங்க, தொடவும் மாட்டேனுங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லித்தான் இவர் என்னைக் கட்டினார். என் அப்பாவும் அம்மாவிடம் கடைசிவரை இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையிலிருந்து அவர் கையையே பார்க்க ஆரம்பித்தேன். டீ டம்ளர் வாய்க்குப் போவதற்குள் இரண்டு முறை சிந்தியது. சட்டைப் பொத்தான் துளையைத் தேடி அலைந்தது. ஆனால் டிவி பார்க்கும்போது கை மடியில் அசையாமல் கிடந்தது. வேண்டுமென்றால் நிறுத்த முடிகிறதே என்று என் சந்தேகம் இன்னும் ஏறியது. நான் உற்றுப் பார்த்தால் நடுக்கம் கூடும். மாட்டிக்கொண்டவர் கை அப்படித்தான் ஆடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

துவைக்கப் போடும் சட்டைகளை முகர்ந்தேன். வண்டிப் பெட்டியைத் திறந்து துழாவினேன். பல்லில் கறை இருக்கிறதா பார்க்கிறேன் என்று வாய்க்கு அருகே மூக்கைக் கொண்டுபோனேன். எதுவும் கிடைக்கவில்லை. எங்கே ஒளிக்கிறார் என்ற கேள்விதான் மிஞ்சியது.

"எத்தன தடவ சொல்றது புள்ள? தொடலீன்னா தொடல."

"அப்பறம் கை ஏனுங்க ஆடுது?"

"அது எனக்கெங்க தெரியும்?"

என் சித்தி மகளின் கல்யாணம் மல்லசமுத்திரத்தில் நடந்தது. காலையெல்லாம் அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மதியம் மண்டபத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்தவர், விளிம்புவரை நிறைந்த பாயசத்தை எனக்கு எடுத்து வந்தார். ஒரு துளி சிந்தவில்லை. நடுக்கம் போய்விட்டது என்று ஒரு நொடி மனம் குளிர்ந்தது. அவர் குனிந்து டம்ளரைக் கொடுத்தபோது வாடை அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார். "இன்னைக்குத்தான் மொதோ தடவ. உள்ள போனதும் கை நின்னு போச்சு. சத்தியமாச் சொல்றேன்."

கை நடுங்காமல் இருக்கத்தான் குடிக்கிறேன் என்று என் அப்பாவும் சொல்வார். நான் நம்பவில்லை. அந்த வாரமே சேலத்தில் குடியை மறக்க வைக்கும் டாக்டர் ஒருவரிடம் இழுத்துப் போனேன். அவர் ரத்தம் சோதித்து, வெகுநேரம் விசாரித்து, "இது குடியால வந்த நடுக்கம் மாதிரித் தெரியல. மாடியில நரம்பு டாக்டரப் பாருங்க" என்றார்.

நரம்பு டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தாளில் சுருள்போல வரையச் சொன்னார். கோடு ரம்பப் பல்லாக வந்தது. கையை மடியில் வைக்கச் சொன்னதும் நின்றுவிட்டது.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

"எங்கம்மாவுக்குத் தல ஆடுமுங்க."

மாமியார் தலை வேண்டாம், வேண்டாம் என்பதுபோல் ஆடிக்கொண்டே இருக்கும். என் சமையல் பிடிக்காமல்தான் ஆட்டுகிறார் என்று கல்யாணமான புதிதில் வெகுநாள் மனத்தாங்கலோடு இருந்தேன்.

"கொஞ்சம் மது எடுத்தா நடுக்கம் குறையுதா?" என்று டாக்டர் கேட்டார்.

என் கணவர் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். இவர் முன்பே தனியாக வந்து டாக்டரிடம் சொல்லிவைத்திருப்பாரோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

டாக்டர் நிதானமாக விளக்கினார். இது பரம்பரையாக வரக்கூடிய நடுக்கம். கை ஒரு வேலை செய்யும்போதுதான் வரும், பதற்றத்தில் கூடும். அசைவைச் சீராக்கும் மூளைப் பகுதிகளில் கோளாறு. பலருக்கு மது கொஞ்ச நேரம் இதை அடக்கும். "ஆனா போதை எறங்குனதும் முன்னவிட மோசமா ஆடும். அத மருந்தா நெனச்சுடாதீங்க."

மூச்சு இளைப்பு இருக்கிறதா என்று கேட்டு, நாடி பார்த்து ஒரு மாத்திரை எழுதினார். கீழே மருந்துக் கடைக்காரர், "பிரஷர் மாத்திரைங்க இது" என்றார். இவருக்குப் பிரஷரே கிடையாது. மறுபடி மாடியேறிக் கேட்டேன். நடுக்கத்துக்கும் அதே மாத்திரைதான் தருவோம் என்று டாக்டர் முகம் சுளிக்காமல் சொன்னார்.

நடுக்கம் பாதிக்குக் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. மருந்து போதாமல் போனவர்களுக்கு மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்துச் செய்யும் சிகிச்சைகூட இருக்கிறதாம். அதைக் கேட்டதும் என் கணவர் எழுந்தே விட்டார். கண் சொட்டு வேலையை இப்போது குழுவில் ஒரு பெண் பார்க்கிறார். மருந்து கலப்பதும் கணக்காகப் பிரித்துக் கொடுப்பதும் இவர் வேலை. மாமியாரை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக முடியவில்லை. "ஆடுனா ஆடீட்டுப் போகுது சாமி" என்றுவிட்டார்.

என் கணவர் மாத்திரை போடுகிறாரா என்று அட்டையை எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸில், நான் எதுவும் கேட்காமலே அவர் பேசினார்.

"அந்த மல்லசமுத்திரத்துக் கல்யாணத்துக்கு முன்னாலயே ரெண்டு தடவ போட்டிருக்கறேன். பண்ணைக்குப் போறப்ப. சொட்டு நேரா உழுகோணுமேன்னு. அந்த ரெண்டு நாளும் யாரும் எதும் கேக்கலீங்கறதுதான் அதிசயம்."

எனக்குக் கோபம் வந்தது. சத்தியம் செய்தாரே என்று வந்தது. குடித்த நாட்களில் எல்லோரும் நம்பினார்கள், குடிக்காத நாட்களில்தான் நாங்கள் அவரை விரட்டினோம் என்று புரிந்தபோது அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லோணும்னு இருந்துச்சு" என்றார்.

ஊர் வந்ததும் எழுந்தோம். இறங்கும்போது படியில் அவர் கை கம்பியைத் தேடித் தடுமாறியது. நான் பிடித்துக்கொண்டேன்.