கல்லைத் திருப்பி வைத்தவர்

பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு ஞாயிறு காலை, பல நூற்றாண்டுப் பழமையான மலைக் கிராமங்களைச் சுற்றிக்காட்ட வெவ்வேறு வேலை பார்க்கும் எங்கள் ஆறு பேரைக் கூட்டிப்போன வழிகாட்டி ஒல்லியான தமிழர். இடிந்த சுவரிலிருந்து யாராவது கல் எடுத்தால், சிரித்தபடியே வாங்கி எடுத்த இடத்தில் வைப்பார்.

“அண்ணனுக்கு எங்க டியூட்டி?” என்று என்னைக் கேட்டார்.

“குவாரியில. மலையை உடைக்கிற வேலை.” அங்கே நின்று அதைச் சொல்லக் கூசியது.

“அப்ப கல்லைப் பத்தி என்னைவிட உங்களுக்குத்தாண்ணே தெரியும். சிமெண்ட் இல்லாம இந்தச் சுவர் எப்படி நிக்குதுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க.”

நாலு பேர் முன்னால் பேசியறியாத நான், பெரிய கற்களின் இடுக்கில் சின்னக் கற்கள் இறுகியிருப்பதைத் தொட்டுக்காட்டிப் பேசினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். அப்படி ஒரு மனசு அவருக்கு எப்படி வந்ததோ, இன்றும் யோசிக்கிறேன்.

மறுநாள் ஆறு மணி டியூட்டியில் வேறொரு மலையில் வெடி வைத்தோம்.