வண்டி செல்வராணி பேரில்

“ஓடுற வரைக்கும் அது வண்டி, நின்னுட்டா…” என்று லாரி வைத்திருந்த என் பெரியப்பா ஏதோ சொல்வார். மிச்சம் நினைவில்லை. துபாயிலிருந்து திரும்பி விருதுநகரில் வாகன இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக உட்கார்ந்தபின் ஒன்று புரிந்தது: நல்ல நாளில் கெட்ட நாளைப் பற்றிப் பேசுவதுதான் இந்தத் தொழில். பைக் வைத்திருக்கும் நீங்களும் என் வாடிக்கையாளர்கள் கட்சிதான். பாலிசியின் பொடி எழுத்தை நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.

காட்டுவதற்கு

சூலக்கரையில் ஒரு மினி வேன்காரர். சட்டப்படி கட்டாயமான தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்றார். “அது நீங்க இடிச்ச ஆளுக்குத்தான். உங்க வண்டிக்கும் உங்களுக்கும் தனியா எடுக்கணும்” என்றேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

“போலீசு கேட்டாக் காட்டணும், அம்புட்டுத்தானே? காட்டுறதுக்கு எதுக்கு அண்ணாச்சி பெருசா?”

ராசி

தீபாவளி போனஸ் வந்ததும் திருத்தங்கல் ஷோரூமில் எனக்கும் ஒரு மேஜை போடுவார்கள். எங்கள் பக்கம் யார் பேர் ராசியோ அவர் பேரில் வண்டி வாங்குவார்கள். ஓட்டுவது வேறு ஆளாக இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் மாரியப்பன், மனைவி செல்வராணி பேரில் பைக் எடுத்தார். செல்வராணிக்கு ஓட்டத் தெரியாது. லைசென்சும் இல்லை.

“பாலிசியில வர்ற விபத்துக் காப்பீடு, வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க லைசென்சோட ஓட்டினாத்தான். உங்க பேர்ல மாத்துங்க, இல்ல உங்களுக்குத் தனியா ஒண்ணு போடுங்க” என்றேன். செல்வராணி தன் புருஷன் முகத்தைப் பார்த்தார். மாரியப்பன் சிரித்தபடி ஹேண்டில்பாரில் மாலையைச் சுற்றினார்.

“எம்பேர்ல வாங்குன எதுவும் வெளங்குனதில்ல. நல்ல நாளும் அதுவுமா சாவப் பத்தியே பேசுறீகளே, அண்ணாச்சி.”

ஆமத்தூர் விலக்கு

பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், ஆமத்தூருக்குப் பாதை பிரியும் விலக்கில் பைக்குக்குக் குறுக்கே நாய் வந்தது. மாரியப்பன் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அவருடைய தம்பி என் ஆபீசுக்கு வந்தார். பைக் பாலிசியில் கிடைப்பது கஷ்டம், எதிரே வேறு வண்டி வந்து மோதியிருந்தால் அந்த வண்டியின் இன்சூரன்சில் கேட்டிருக்கலாம் என்று சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“அந்த நாய்க்குச் சொந்தக்காரன் யாருன்னு தெரிஞ்சாலாவது போய்க் கேக்கலாம்.”

செல்வராணி

மறுவாரம் செல்வராணியே வந்தார். அவரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எழுதிப் பார்த்தோம், இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது என்றேன்.

“இப்ப அவுக பேருக்கு மாத்திக் குடுத்தா?” என்று கேட்டார்.

முடியாது என்றேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோல்,

“அப்ப நான் வண்டி ஓட்டப் படிச்சு, நான் செத்திருக்கணும்” என்றார்.

அடுத்த சீசனுக்கு ஷோரூம் மேனேஜர் கூப்பிட்டபோது, ஓட்டுகிற ஆள் பேரில் தனி விபத்துக் காப்பீடும் சேர்த்து எடுப்பவர்களுக்கு மட்டும்தான் பாலிசி எழுதுவேன், சம்மதமென்றால் மேஜை போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.