குடிக்காத தேநீர்

மாசாய் நகரில் நான் காலையில் பசியாறும் கடைக்குத் தொழிற்சாலைச் சீருடையில் ஓர் அக்கா, பக்கத்துத் தெருவிலிருந்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். சூடாகத் தேநீர் வாங்குவார். ஒரு வாய்கூடக் குடிக்கமாட்டார். வீங்கிய விரல்களால் கிளாஸைப் பொத்திப் பிடித்துக்கொள்வார். பிறகு விரல்களை மெல்ல மடக்கி நீட்டுவார். டப்பாவில் கொண்டுவந்த அவித்த காய்கறியைச் சாப்பிட்டுவிட்டு, வெளியே போய் மோட்டார் சைக்கிள் பிரேக்கை அழுத்திப் பார்ப்பார். கைப்பிடியோடு நன்றாக அழுந்தினால்தான் வண்டியை எடுப்பார்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "குடிக்காத டீய ஏன்க்கா வாங்குறீங்க?"

"முடக்குவாதம்லா. மருந்து எடுக்கிறேன். ஆனாலும் காலைல விரல் மடங்காது, இந்தச் சூடு பட்டாதான் வழிக்கு வரும். சீனியும் பாலும் எனக்கு ஒத்துக்கல, விட்டுட்டேன்."

"சுடுதண்ணி கேட்டா சும்மாவே தருவாங்களே."

"சுடுதண்ணி கேட்டா நோயாளியா பார்ப்பாங்க. டீ கேட்டா கஸ்டமர்."

அடுத்த வாரம் ஒரு காலையில் நல்ல மழை. அந்த மாதிரி நாளில் எனக்கே வேலைக்குப் போக மனம் வராது. அக்கா தேநீர் ஆறும்வரை கிளாஸைப் பிடித்திருந்துவிட்டு, வாசலில் நின்ற வண்டியின் பிரேக்கை அழுத்தினார். விரல்கள் பாதியிலேயே நின்றுவிட்டன. மறுபடியும் அழுத்தினார். அசையவில்லை.

"இன்னிக்கு லீவு போடுங்கக்கா," என்றார் கடைக்காரர்.

அக்கா உள்ளே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஆறிப்போன கிளாஸை ஓரமாகத் தள்ளினார்.

"இன்னொரு டீ போடுங்க. நல்லா சூடா."